மௌனமும் குப்பையும்: மைக்ரோகன்ட்ரோலர் சீரியல் இணைப்பில் பழுது தேடும் முறை

மைக்ரோகன்ட்ரோலர் போர்டையும் கணினியையும் சேர்க்கும் சீரியல் தொடர்பு கெட்டுப்போனால் அது காட்டும் அறிகுறிகள் மிகக் குறைவு. திரையில் ஒன்றுமே வராது. அல்லது வரும், ஆனால் படிக்க முடியாத குப்பையாக வரும். இரண்டும் இல்லாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொடர்பு திடீரென அறுந்துபோவதும் உண்டு. அறிகுறிகள் மூன்றுதான் என்றாலும் காரணங்கள் ஏராளம். ஆர்டுயினோவையோ ஈஎஸ்பி32 போர்டையோ முதன்முதலாகக் கையில் எடுக்கும் மாணவர் முட்டி நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். அந்த நேரத்தில் பலரும் புரோகிராமைத் திருத்தித் திருத்தி மறுபடியும் ஏற்றிப் பார்க்கிறார்கள். பழுது கேபிளிலோ டிரைவரிலோ வேகத்திலோ இருக்கும்போது புரோகிராமை எத்தனை முறை திருத்தினாலும் எதுவும் மாறப்போவதில்லை.

சீரியல் தொடர்பு நிற்பது கம்பிக்கு வெளியே செய்துகொண்ட சில உடன்பாடுகளின் மேல். அந்த உடன்பாடுகள் எவை, ஒவ்வொன்றும் முறிந்தால் மௌனம் வருமா குப்பை வருமா என்று தெரிந்துவிட்டால் பழுது தேடுவது குருட்டு முயற்சியாக இருக்காது. இந்தக் கட்டுரை அந்த உடன்பாடுகளை வரிசையாகப் பரிசோதிக்கிறது.

உடன்பாடு எங்கே இருக்கிறது

இந்தத் தொடர்பு முறை தொலைத்தட்டச்சு இயந்திரங்களின் வழி வந்தது. 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துகளை அச்சடித்தது. அதன் வேகம் 110 பாட். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் நிறுத்த பிட்டுகள். முனையத்தையும் மோடத்தையும் இணைப்பதற்கான ஆர்எஸ்-232 தரம் 1960-இல் அமெரிக்காவில் வெளியானது. எழுத்தை பிட் பிட்டாகப் பிரித்து அனுப்பும் சுற்றை டெக் நிறுவனத்தில் கார்டன் பெல் வடிவமைத்தார். 1970-களில் அது ஒரே சிப்பில் அடங்கிவிட்டது. யூஆர்ட் என்று நாம் அழைக்கும் அந்தச் சுற்று இன்று ஏறக்குறைய எல்லா மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளும் இருக்கிறது.

இதில் கடிகாரக் கம்பி கிடையாது. ஐ2சி, எஸ்பிஐ போன்ற முறைகளில் தகவலோடு துடிப்பும் தனிக் கம்பியில் போகும். யூஆர்ட்டில் இரு முனைகளும் தத்தம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. தாளம் போடுபவர் இல்லாமல் இருவர் வெவ்வேறு அறைகளில் ஒரே காலப்பிரமாணத்தில் பாடுவதைப்போல. ஓய்வில் கம்பி உயர் நிலையில் இருக்கும். அது தாழ்ந்தால் எழுத்து தொடங்குகிறது என்று பொருள். பெறும் முனை அந்தக் கணத்திலிருந்து எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கம்பியைப் பார்த்து 0 அல்லது 1 என்று குறித்துக்கொள்கிறது. எட்டு பிட் முடிந்ததும் நிறுத்த பிட் உயர்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

வேகம் என்ன, எழுத்துக்கு எத்தனை பிட், பாரிட்டி உண்டா, எந்த நிலை 1, உயர் நிலை என்றால் எத்தனை வோல்ட், பூஜ்ய வோல்ட் எது, யாருடைய வாய் யாருடைய காதோடு சேர்ந்திருக்கிறது என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் கம்பியில் ஓடும் தகவலில் விடை கிடையாது. எழுத்து வந்து சேர்ந்தது என்று பதில் சொல்லவும் வழியில்லை. எனவே அனுப்பும் முனைக்குத் தோல்வி தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள பிரிவு கிடைக்கிறது. குப்பை வந்தால், பெரும்பாலும் பாதை முழுவதும் திறந்திருக்கிறது என்று பொருள். யூஎஸ்பி வேலை செய்கிறது, டிரைவர் இருக்கிறது, கம்பியும் சரியான இடத்தில் இருக்கிறது. வேகம், பிட் அமைப்பு, தலைகீழ் நிலை, தளர்ந்த கிரவுண்ட் ஆகியவற்றில் ஏதோ ஒன்றுதான் தப்பு. மௌனம் அப்படியல்ல. பாதையின் எந்தத் துண்டு அறுந்தாலும் மௌனம்தான். ஆகவே குப்பை நல்ல சகுனம். அதைக் கண்டு போர்டைக் கழற்றிப்போடுவது தவறு.

மௌனம்: கணினிப் பக்கம்

பாதையை முதலில் விரித்துப் பார்க்கலாம். கணினியில் சீரியல் மானிட்டர், அதன் கீழே இயங்குதளத்தின் டிரைவர், யூஎஸ்பி கேபிள், போர்டில் இருக்கும் யூஎஸ்பி-சீரியல் சிப், அங்கிருந்து அனுப்புவதற்கான டிஎக்ஸ், பெறுவதற்கான ஆர்எக்ஸ் என்ற இரண்டு தடங்கள், மைக்ரோகன்ட்ரோலரின் யூஆர்ட், கடைசியில் நம் புரோகிராம். 2010-இல் வந்த ஆர்டுயினோ ஊனோவில் அந்த நடுச் சிப் இன்னொரு ஏவிஆர் மைக்ரோகன்ட்ரோலர். முதலில் ஏடிமெகா8யு2, பின்னர் ஏடிமெகா16யு2. சென்னை ரிச்சி தெருவில் வாங்கக் கிடைக்கும் விலை குறைந்த நானோ போர்டுகளில் பெரும்பாலும் சீனாவின் நான்ஜிங் நகர நிறுவனம் தயாரிக்கும் சிஎச்340. ஈஎஸ்பி32 போர்டுகள் பலவற்றில் சிலிக்கன் லேப்ஸின் சிபி2102.

மௌனம் என்றால் கேபிளில் தொடங்குவதே சரி. கைபேசிக்கு மின்னேற்றுவதற்கென்றே விற்கும் கேபிள்கள் சிலவற்றில் 5 வோல்ட், கிரவுண்ட் ஆகிய இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். தகவல் போகும் மற்ற இரண்டும் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், ஏற்கெனவே ஏற்றிய புரோகிராமும் ஓடும், கணினிக்கு மட்டும் எதுவும் தெரியாது. இந்தக் காட்சி போர்டு செத்துவிட்டது என்ற முடிவுக்கு எளிதில் தள்ளிவிடும். கோப்பு மாற்றிப் பார்த்து நிச்சயமான ஒரு கேபிளுக்கு வண்ண நாடா சுற்றித் தனியாக வைத்துக்கொண்டால் இந்தச் சந்தேகமே எழாது.

கேபிள் சரி என்றால், போர்டைச் செருகும் கணத்தில் கணினி எதையாவது கவனிக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு செருகினால் பட்டியல் அசைய வேண்டும். லினக்ஸில் கெர்னல் பதிவில் புதிய வரிகள் வர வேண்டும். அசைவே இல்லையென்றால் கேபிள், யூஎஸ்பி வாய், அல்லது நடுச் சிப். மஞ்சள் முக்கோணத்தோடு ஏதோ வந்தால் டிரைவர். காம் எண் ஒழுங்காக வந்துவிட்டால் சிக்கல் இதற்கு மேலோ கீழோ இருக்கிறது. சிஎச்340 சிப்புகளுக்குத் தனித்த வரிசை எண் இல்லாததால், யூஎஸ்பி வாய் மாற்றினால் விண்டோஸ் வேறு காம் எண்ணைக் கொடுத்துவிடும். நேற்று காம்3 ஆக இருந்தது இன்று காம்7 ஆவதற்கு இதுதான் காரணம், போர்டில் பழுதில்லை.

டிரைவர் விஷயத்தில் ஒரு வரலாறு சொல்லத்தக்கது. யூஎஸ்பி-சீரியல் சிப்புகளைத் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் ஒன்று, 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலி எஃப்டிடிஐ சிப்புகளைக் கண்டால் அவற்றின் யூஎஸ்பி அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதியது. அதன் பிறகு அந்தச் சிப்பை எந்தக் கணினியும் அடையாளம் காணவில்லை. கடும் எதிர்ப்புக்குப் பின் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. பின்னால் வந்த இன்னொரு பதிப்பு, தகவலுக்குப் பதில் இது அசல் கருவியல்ல என்ற வாசகத்தை அனுப்பியது. புரோலிஃபிக் நிறுவனமும் பழைய பிஎல்2303 சிப்புகளைப் புதிய டிரைவர்களில் ஏற்க மறுத்துவிட்டது. தன் கையில் இருப்பது போலி என்று வாங்கியவருக்குத் தெரிய வழியே இல்லை. தண்டனை மட்டும் அவருக்கு வந்து சேர்ந்தது. அறிவுச் சொத்தைக் காக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் வாங்கியவரின் மேசையில் இருக்கும் கருவியை முடக்கும் உரிமை அதில் அடங்காது என்பது என் உறுதியான கருத்து. பழுது தேடுபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி ஒன்று: நேற்று வரை வேலை செய்த அடாப்டர் கணினி அப்டேட்டுக்குப் பின் மௌனமானால், சிப்பின் பூர்விகத்தையும் பார்க்க வேண்டும்.

லினக்ஸில் டிரைவர் பெரும்பாலும் கெர்னலோடே வந்துவிடும். அங்கே தடை அனுமதியில். டெபியன், உபுண்டு இரண்டிலும் சீரியல் போர்ட்டைத் திறக்க பயனர் டயல்அவுட் என்ற குழுவில் இருக்க வேண்டும். சேர்த்த பின் ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். உபுண்டு 22.04-இல் வேறொரு சிக்கலும் இருந்தது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் காட்சிக் கருவிகளைக் கையாளும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, சிஎச்340 சிப்பின் அடையாள எண்ணைப் பார்த்து அதைப் பிரெய்ல் கருவி என்று கருதிப் பற்றிக்கொண்டது. செருகியதும் போர்ட் தோன்றி அடுத்த நொடியே மறையும். கெர்னல் பதிவைப் படித்தவர்களுக்குக் காரணம் அங்கேயே எழுதியிருந்தது.

ஒரு போர்ட்டை ஒரே நேரத்தில் இரண்டு மென்பொருள்கள் ஒழுங்காகப் பயன்படுத்த முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். பின்னணியில் திறந்தே கிடக்கும் இன்னொரு சீரியல் மானிட்டர், 3டி பிரின்டர் மென்பொருள் போன்றவை போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

நடுவில் வெட்டிப் பார்த்தல்

இத்தனைக்குப் பிறகும் மௌனம் நீடித்தால், பாதையை நடுவில் வெட்டிப் பார்ப்பதுதான் மிகச் சிறந்த வழி. தனி யூஎஸ்பி-சீரியல் அடாப்டராக இருந்தால் அதை போர்டிலிருந்து கழற்றி, அதன் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டையும் ஒரே ஜம்பர் கம்பியால் இணைக்க வேண்டும். டெர்மினல் மென்பொருளில் தட்டும் எழுத்து அப்படியே திரும்பி வந்தால் கணினி, டிரைவர், கேபிள், அடாப்டர் எல்லாம் நலம். ஊனோவில் தனி அடாப்டர் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். ரீசெட் பின்னை கிரவுண்டோடு சேர்த்தால் முதன்மைச் சிப் உறங்கிவிடும். பின்னர் 0, 1 எண் பின்களை ஒன்றாக இணைத்தால் அதே பரிசோதனை. ஒரு கம்பித் துண்டும் ஒரு நிமிடமும் போதும், பாதையில் சரிபாதி சந்தேகம் நீங்கிவிடுகிறது. ஆய்வக வகுப்பில் விளக்கை மின்னவைக்கும் பாடத்துக்கு முன்பே இதைக் கற்பிக்க வேண்டும் என்பேன்.

எழுத்து திரும்பி வரவில்லையென்றால் ஓர் எச்சரிக்கை. டெர்மினல் மென்பொருளில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் இயங்கிக்கொண்டிருக்கலாம். மினிகாம் என்ற லினக்ஸ் மென்பொருளில் அது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். எதிர்முனை சிடிஎஸ் கம்பியில் அனுமதி தரும்வரை அது ஓர் எழுத்தையும் அனுப்பாது; மூன்று கம்பி இணைப்பில் அந்த அனுமதி வரவே வராது. போர்டிலிருந்து வருவது தெரிகிறது, நாம் தட்டுவது மட்டும் போகவில்லை என்றால் முதலில் அந்த அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு தடங்கள்

அடுத்தது செம்புக் கம்பி. ஒருவரின் டிஎக்ஸ் மற்றவரின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தப்பு நடக்கக் காரணம், சில மாட்யூல்களில் டிஎக்ஸ் என்ற பெயர் "என் டிஎக்ஸ்" என்ற பொருளிலும், சிலவற்றில் "உன் டிஎக்ஸை இங்கே செருகு" என்ற பொருளிலும் அச்சிடப்பட்டிருப்பதே. பெயரை நம்புவதைவிட மல்டிமீட்டரை நம்பலாம். ஓய்வில் இருக்கும் டிஎக்ஸ் பின், கிரவுண்டுக்கு எதிராக 3.3 அல்லது 5 வோல்ட் அருகே காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் அந்த முனை உயிரோடு இல்லை, அல்லது அது டிஎக்ஸே இல்லை. எதிர்மறை வோல்ட் காட்டினால் கையில் இருப்பது ஆர்எஸ்-232. உடனே கையை எடுத்துவிட வேண்டும்.

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். ஆர்எஸ்-232 தரத்தில் 1 என்பது −3 முதல் −15 வோல்ட், 0 என்பது +3 முதல் +15 வோல்ட். மைக்ரோகன்ட்ரோலரில் 1 உயர் நிலை, 0 பூஜ்யம். அளவும் வேறு, திசையும் தலைகீழ். பழைய தொழிற்சாலைக் கருவிகளின் ஒன்பது பின் இணைப்பைப் போர்டின் ஆர்எக்ஸில் நேரடியாகச் செருகினால் பின் கருகும். நடுவில் மேக்ஸ்232 போன்ற மாற்றுச் சிப் கட்டாயம். இரண்டையும் "சீரியல்" என்ற ஒரே பெயரால் அழைப்பதால் இந்த விபத்து இன்றும் நடக்கிறது.

5 வோல்ட், 3.3 வோல்ட் வேறுபாடு அவ்வளவு கொடியதல்ல என்றாலும் நுணுக்கமானது. ஊனோவின் முதன்மைச் சிப்பான, 5 வோல்டில் ஓடும் ஏடிமெகா328பி உயர் நிலை என்று ஏற்கத் தேவைப்படுவது மின்வழங்கலில் 0.6 பங்கு, அதாவது 3 வோல்ட். ஆகவே 3.3 வோல்ட் கருவி சொல்வது அதற்குக் கேட்கும், சிறு இடைவெளியில் தப்பித்து. எதிர்த்திசையில் ஆபத்து: ஈஎஸ்பி32-இன் பின்கள் 5 வோல்டுக்கானவை அல்ல. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வைத்து மின்னழுத்தத்தைப் பிரித்தால் 3.33 வோல்டாகிவிடும், குறைந்த வேகங்களுக்கு அது போதும். சில அடாப்டர்களில் 5/3.3 ஜம்பர் மின்வழங்கல் பின்னை மட்டுமே மாற்றும், டிஎக்ஸ் நிலையை மாற்றாது. இதையும் மல்டிமீட்டரே சொல்லும்.

கிரவுண்ட் கம்பியை மறப்பது இன்னும் தந்திரமான பழுது. இரண்டு கருவிகளும் ஒரே மடிக்கணினியின் யூஎஸ்பியில் இருக்கும்வரை கிரவுண்ட் அங்கே சேர்ந்திருப்பதால் தொடர்பு நன்றாக நடக்கும். ஒன்றை பேட்டரிக்கு மாற்றிய நாளில் குப்பை வரும் அல்லது மௌனமாகும். பேட்டரிதான் காரணம் என்று அதன்மேல் பழி விழும். இதன் மறுபக்கமாக, மின்வழங்கல் துண்டித்த பின்பும் ஆர்எக்ஸ் கம்பி வழியே, சிப்பின் பாதுகாப்பு டயோடைத் தாண்டிக் கசியும் மின்னோட்டத்தில் போர்டு அரை உயிரோடு இருப்பதும் உண்டு. மின்சாரத்தை அணைத்து ஏற்றியும் ரீசெட் ஆகவில்லை என்றால் சீரியல் கம்பியையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஊனோவில் ஒளிரும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் விளக்குகளைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். அவற்றை இயக்குவது நடுவில் உள்ள 16யு2 சிப். யூஎஸ்பி வழியே போகும் தகவலை மட்டுமே அவை காட்டும். 0, 1 பின்களில் வெளியிலிருந்து இணைத்த மாட்யூல் பேசுவதைக் காட்டாது.

குப்பை: வேகத்தின் கணக்கு

குப்பையின் முதல் காரணம் இரு முனைகளிலும் வேகம் வேறாக அமைந்திருப்பது. புரோகிராமில் 115200, மானிட்டரில் 9600 என்றால் தலைகீழ்க் கேள்விக்குறிகளும் கட்டங்களும் வரும். இது ஒரு சொடுக்கில் தீர்ந்துவிடும். மாட்யூல்களில் இது சற்றுச் சுற்றிவளைக்கும். எச்சி-05 புளூடூத் மாட்யூல் சாதாரண நிலையில் 9600-இல் பேசும், ஏடி கட்டளை நிலையில் 38400-இல். இரண்டுக்கும் ஒரே வேகம் என்று எண்ணியவர் மாட்யூல் பழுது என்று முடிவுகட்டிவிடுவார்.

ஈஎஸ்பி8266 போர்டு இயங்கத் தொடங்கும்போது முதலில் ஒரு வரி குப்பையும் பின்னர் தெளிவான எழுத்தும் வருவது பலரைக் குழப்பும். அதில் பழுதே இல்லை. அந்தச் சிப்பின் உள்ளே பதிந்த தொடக்க நிரல் 40 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருப்பதாகக் கொண்டு 115200-க்குக் கணக்கிடுகிறது. போர்டில் இருப்பதோ 26 மெகாஹெர்ட்ஸ். 115200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 74880. மானிட்டரை 74880-க்கு மாற்றினால் அந்தக் குப்பை வரி, எதனால் ரீசெட் ஆனது என்ற தகவலாகத் தெளிந்து வரும்.

இரு பக்கமும் ஒரே எண்ணைப் போட்டும் குப்பை வந்தால் கணக்கு நுணுக்கமாகிறது. பெறும் முனை தொடக்க பிட்டிலிருந்து எண்ணத் தொடங்கி, நிறுத்த பிட்டின் நடுவை 9.5 பிட் தூரத்தில் பார்க்கிறது. அதற்குள் அரை பிட் விலகினால் தவறான இடத்தைப் பார்த்துவிடும். அரையை 9.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5 சதவீதம். அதுதான் இரு முனைகளின் பிழையும் சேர்ந்து எட்டக்கூடிய உச்ச எல்லை. நடைமுறையில் ஒரு முனைக்கு 2 சதவீதத்துக்குள் இருப்பதே பத்திரம்.

ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸிலிருந்து 115200-ஐத் துல்லியமாகப் பிரிக்க முடியாது. இரட்டை வேக அமைப்பில் கிடைப்பது 117647, அதாவது 2.1 சதவீதம் கூடுதல். எட்டு பிட் எழுத்துக்கு அந்த அமைப்பில், சிப்பைத் தயாரித்த அட்மெல் பரிந்துரைத்த எல்லையே 1.5 சதவீதம். அப்படியென்றால் ஊனோ கணினியோடு 115200-இல் எப்படி நன்றாகப் பேசுகிறது? நடுவில் இருக்கும் 16யு2 சிப்பும் அதே 16 மெகாஹெர்ட்ஸில் அதே பிழையோடு ஓடுகிறது. இரு பக்கமும் ஒரே அளவு தவறுவதால் தவறு தெரிவதில்லை. அதே ஊனோவின் பின்களில் 115200-ஐத் துல்லியமாக அனுப்பும் வேறொரு மாட்யூலை இணைத்தால் அவ்வப்போது எழுத்து பிசகும். 38400-க்கு இறக்கினால் பிழை 0.2 சதவீதமாகிவிடும். 250000 என்றால் பிழையே இல்லை, 16 மெகாஹெர்ட்ஸை அது மீதியின்றி வகுக்கும். 3டி பிரின்டர்களின் மார்லின் நிரல் அந்த விசித்திரமான எண்ணைத் தேர்ந்ததன் நியாயம் இங்கே விளங்கும்.

போர்டு இல்லாமல் வெறும் ஏடிமெகா சிப்பை வைத்துச் சுற்று அமைப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் சிப் உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் அலையியற்றியை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். புரோகிராம் 8 என்று எண்ணி 9600-ஐ அமைத்தால் கம்பியில் வருவது 1200. 16 என்று எண்ணினால் 600. மேலும் அந்த அலையியற்றியின் தொழிற்சாலைத் துல்லியம் 10 சதவீதம் வரை விலகலாம் என்று தரவேடு சொல்கிறது. மேலே சொன்ன எல்லைக்கு அது எட்டவே எட்டாது. படிகம் வைப்பதே வழி.

ஊகிக்காமல் அளக்கவும் முடியும். யூ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தின் பிட்டுகள் 0, 1 என மாறி மாறி வரும். அதைத் தொடர்ந்து அனுப்பவைத்து ஆசிலாஸ்கோப்பிலோ விலை குறைந்த லாஜிக் அனலைசரிலோ பார்த்தால் சதுர அலை தெரியும். ஒரு பிட்டின் அகலம் 104 மைக்ரோநொடி என்றால் 9600, 8.7 என்றால் 115200. சிக்ரோக் திட்டத்தின் பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருள் எழுத்துகளாகவே படித்துக் காட்டிவிடும். இரு முனைகளில் எது பொய் சொல்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை கிடையாது.

ராஸ்பெர்ரி பையை எதிர்முனையாக வைப்பவர்களுக்கு ஒரு சொல்: 2016-இல் வந்த பை 3-இல் நல்ல யூஆர்ட் புளூடூத்துக்குப் போய்விட்டது, வெளிப் பின்களில் வருவது மினி யூஆர்ட், அதன் வேகம் மையக் கடிகாரத்தைப் பொறுத்தது. லாகின் கன்சோலும் அதே பின்களில் அமர்ந்திருக்கலாம். இரண்டையும் அமைப்பில் மாற்ற முடியும்.

நிரல் ஏறவில்லை

புரோகிராமை ஏற்றும்போது வரும் தோல்வியும் சீரியல் தோல்விதான். அதில் நேரம் என்ற இன்னோர் உடன்பாடு கூடுகிறது. ஏவிஆர் போர்டுகளில் புதிய புரோகிராமை வாங்கிப் பதிக்கும் பூட்லோடர், ரீசெட் ஆன சிறிது நேரம் மட்டுமே விழித்திருக்கும். 2007-இன் டீசிமிலா போர்டு முதல், கணினி டிடிஆர் என்ற கட்டுப்பாட்டுக் கம்பியைத் தாழ்த்தும்போது 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வழியே ரீசெட் துடிப்பு போகிறது. சீரியல் மானிட்டரைத் திறந்ததும் ஊனோ மறுபடி முதலிலிருந்து தொடங்குவதும் இதனால்தான். அந்தக் கெபாசிட்டரோ டிடிஆர் கம்பியோ இல்லாத மலிவுப் பலகையில் கையால்தான் ரீசெட் அழுத்த வேண்டும். ஏற்றத் தொடங்கும் கணத்தில் விட்டால் பிடித்துக்கொள்ளும்.

"நாட் இன் சிங்க்" என்ற பிழைச் செய்தியை ஆர்டுயினோ பயன்படுத்திய எல்லோரும் பார்த்திருப்பார்கள். பூட்லோடர் சரியான பதில் தரவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. நானோவில் இதன் முதன்மைக் காரணம், பழைய பூட்லோடர் 57600-இலும் புதியது 115200-இலும் பேசுவது. மெனுவில் ஓல்ட் பூட்லோடர் என்று மாற்றினால் தீரும். ஊனோவில் 0, 1 பின்களில் புளூடூத் அல்லது ஜிஎஸ்எம் மாட்யூல் செருகியிருந்தால் அது 0-ஆம் பின்னைப் பிடித்துக்கொண்டு கணினியின் குரலை அமுக்கிவிடும். ஏற்றும்போது மாட்யூலைக் கழற்ற வேண்டும்.

ஈஎஸ்பி32-இல் டிடிஆர், ஆர்டிஎஸ் இரண்டும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் வழியே இயக்குப் பின்னையும் 0-ஆம் பின்னையும் ஆட்டுகின்றன. ரீசெட் விடுபடும் கணத்தில் 0-ஆம் பின் தாழ்ந்திருந்தால்தான் சிப் நிரல் வாங்கும் நிலைக்குப் போகும். சில போர்டுகளில் இந்த நேரக்கணக்கு பிசகுகிறது. பூட் பொத்தானை அழுத்திப் பிடிப்பது, இயக்குப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 முதல் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைப்பது ஆகிய இரண்டும் பயன் தருகின்றன. டெர்மினல் மென்பொருள் ஆர்டிஎஸ் கம்பியை மட்டும் இயக்கிவிட்டால் சிப் ரீசெட்டிலேயே கிடக்கும். போர்டு ஊமையாகிவிட்டது போலிருக்கும். மென்பொருளை மூடினால் பேசும்.

எழுத்து வந்தது, பொருள் வரவில்லை

கம்பி சரி, வேகம் சரி, எழுத்தும் தெளிவு. ஆனாலும் கட்டளைக்கு மாட்யூல் அசையவில்லை. டெலிடைப்பில் அச்சுத் தலையை இடப்பக்கம் கொண்டுவர ஒரு குறியும் தாளை நகர்த்த ஒரு குறியும் தேவைப்பட்டன. அந்த இரட்டைக் குறி இன்றும் ஏடி கட்டளைகளில் வாழ்கிறது. பல மாட்யூல்கள் இரண்டையும் எதிர்பார்க்கின்றன. சீரியல் மானிட்டரின் கீழே உள்ள வரி முடிவுத் தேர்வு தவறினால் கட்டளை முடிந்ததாக மாட்யூல் நினைப்பதே இல்லை. 1 என்று தட்டியதும் புரோகிராமுக்கு 49 வந்தால் அது எண்ணல்ல, எழுத்துக் குறியீடு.

தகவல் பாதியில் தொலைவது வேறு கதை. ஊனோவின் பெறும் இடையகம் 64 பைட். 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்து வரும். 67 மில்லிநொடியில் இடையகம் நிரம்பிவிடும். புரோகிராம் ஒரு நொடி டிலே போட்டு உறங்கினால் மீதி எல்லாம் சத்தமின்றி விழும். ஜிபிஎஸ் வாக்கியங்கள் பாதியாக வருவதற்கு பெரும்பாலும் இதுவே காரணம். மென்பொருளால் யூஆர்ட்டைப் போல நடிக்கும் சாஃப்ட்வேர்சீரியலில் இது இன்னும் மோசம். 115200-இல் அதை நம்பவே கூடாது.

விட்டுவிட்டு வரும் பழுது

மூன்றாவது அறிகுறிதான் மிகவும் அலைக்கழிக்கும். நிலையாக மௌனமாக இருப்பதைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கலாம். அவ்வப்போது அறுவதை வெட்டிப் பார்க்க நேரமே கிடைக்காது. இங்கே என் முதல் சந்தேகம் எப்போதும் மின்வழங்கல். ஈஎஸ்பி32 வைஃபையில் அனுப்பும்போது 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும்; எஸ்ப்ரெசிஃப் நிறுவனம் 500 மில்லிஆம்பியருக்குக் குறையாத மின்வழங்கலைக் கேட்கிறது. சிம்800 ஜிஎஸ்எம் மாட்யூல் கோபுரத்துக்கு அனுப்பும் கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய கேபிளில் அந்தக் கணத்தில் வோல்ட் சரியும், சிப் ரீசெட் ஆகும், சீரியல் பதிவில் பிரவுன்அவுட் என்ற சொல் வரும். பதிவின் முதல் வரிகளைப் படிக்காமல் கீழே உருட்டிவிடுபவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

நீளமான கம்பி அடுத்தது. யூஆர்ட்டின் 3.3 வோல்ட் சமிக்ஞை மேசைமேல் பேசுவதற்கானது. மோட்டாரும் ரிலேயும் உள்ள தோட்டத்து பம்ப் செட்டுக்கு அதை இழுத்துச் சென்றால் இடையில் புகும் மின்னிரைச்சலே தொடக்க பிட்டாகத் தெரியும். அங்கே ஆர்எஸ்-485 வேண்டும். இரண்டு கம்பிகளின் வேறுபாட்டை மட்டும் பார்ப்பதால் குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை அது போகும். இரு கடைசிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வைக்க வேண்டும்.

புதிய போர்டுகளில் கேள்வியே சற்று இடம் மாறியிருக்கிறது. 2012-இன் ஆர்டுயினோ லியனார்டோ, 2021-இன் ராஸ்பெர்ரி பை பிகோ போன்றவற்றில் நடுச் சிப் இல்லை. யூஎஸ்பி பேசுவது மைக்ரோகன்ட்ரோலரேதான். அங்கே பாட் ரேட்டுக்குப் பொருளில்லை. குப்பை என்ற அறிகுறியே ஏறக்குறைய மறைந்துவிட்டது. மௌனம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. புரோகிராம் சிக்கிக்கொண்டால் பிகோவில் யூஎஸ்பியைக் கவனிக்கவும் ஆளிருக்காது, காம் போர்ட்டே காணாமல் போகும். லியனார்டோவில் கணினி போர்ட்டைத் திறக்கும்வரை காத்திரு என்ற வரியை எழுதிவிட்டு அதைப் பேட்டரியில் மாட்டினால் அது என்றைக்கும் காத்துக்கொண்டேயிருக்கும். ஈஎஸ்பி32-சி3, எஸ்3 சிப்புகளில் யூஎஸ்பி சீரியல் தனி வன்பொருளாக இருப்பதால் புரோகிராம் விழுந்தாலும் போர்ட் நிற்கும். ஆழ்ந்த உறக்கத்தில் மறையும். பிகோவில் பூட்செல் பொத்தானை அழுத்தியபடி செருகினால் உள்ளே நிரந்தரமாகப் பதிந்த தொடக்க நிரல் எழுந்து ஒரு டிரைவாகத் தோன்றும். புரோகிராம் எவ்வளவு கெட்டிருந்தாலும் அந்த வழி திறந்தே இருக்கும். ஆனால் விழுந்த கணத்தில் என்ன நடந்தது என்று அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பிகோவின் 0-ஆம் பின்னில் வரும் பழைய யூஆர்ட்டை இயக்கி, ஒரு 3.3 வோல்ட் அடாப்டரின் ஆர்எக்ஸில் அதைச் செருகி, கிரவுண்டையும் சேர்த்து, பதிவை அங்கிருந்து வாங்க வேண்டும்.